கொடியவனுக்குக் கைதட்டல்

கொடுமையை உள்ளபடி காட்டிவிட்டால் காண்பவன் அதனை வெறுப்பான் என்பது கலைஞர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு நம்பிக்கை. ஆணவக்காரனின் அகத்தைத் திறந்து வைத்தால் ஆணவம் அருவருக்கப்படும் என்று எண்ணியே நாடகம் எழுதினார்கள், கதை புனைந்தார்கள், கேலிச் சித்திரம் தீட்டினார்கள். இந்த நம்பிக்கைக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்துள்ள பெரியதொரு சோதனையைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம். சோதனைக்களமாக அமைந்தது அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. அதன் பெயர் 'தி பாய்ஸ்'.

முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுவது கடமை. குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க தொடரன்று இது. இரத்தமும் ஆபாசமும் வசைமொழியும் அதில் மலிந்து கிடக்கின்றன; வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது என்னும் எச்சரிக்கையோடுதான் வெளியிடுகிறார்கள். ஆயினும் நம் வீட்டு வாலிபர்களின் கைப்பேசிகளில் அதன் துண்டுக் காட்சிகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. 'அது வேற்று நாட்டார் விவகாரம், நமக்கென்ன' என்று பெற்றோர் ஒதுங்கிவிட இயலாது.

கார்த் என்னிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் படம் வரைய, 2006இல் தொடங்கிய ஒரு சித்திரக்கதையே இதன் மூலம். சூப்பர்மேன், பேட்மேன் முதலிய வீரர்களின் கதைகளை வெளியிட்டுவரும் டி.சி. நிறுவனத்தின் ஒரு கிளைதான் முதலில் அதனை வெளியிட்டது. ஆறே இதழ்களோடு கைவிட்டும் விட்டது. தன் வீட்டு வீரர்களையே எள்ளி நகையாடும் கதையை எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேறொரு பதிப்பகம் எடுத்து நடத்தி, 2012இல் 72 இதழ்களோடு கதை நிறைவுற்றது. எரிக் கிரிப்கி என்பவர் அதனைத் திரைக்கேற்ப மாற்றியமைக்க, 2019 ஜூலை 26ஆம் நாள் அமேசான் நிறுவனத்தின் பிரைம் வீடியோவில் முதற் பருவம் வெளியாயிற்று.

வானில் பறக்கவும், கண்ணொளியால் இரும்பை உருக்கவும் வல்ல மாவீரர்கள் மெய்யாகவே நம்மிடையே வாழ்ந்தால் என்ன நேரும் என்பதே கதையின் வினா. மக்களைக் காக்கும் வேலை இரண்டாம் பட்சமாகிவிடும். விளம்பரமும் விற்பனையும் தேர்தலும் முதலிடம் பெறும் என்பது அது தரும் விடை. 'வாட்' என்னும் பெரு நிறுவனம் அவ்வீரர்களை வைத்து வாணிபம் செய்கிறது. இறைவன் தேர்ந்தெடுத்து ஆற்றல் அருளிய பிறவிகள் இவர்கள் என்று ஊருக்குச் சொல்கிறது; உண்மையில் பச்சிளங் குழந்தைகளின் உடலில் ஒரு மருந்தை ஏற்றி அந்நிறுவனமே அவர்களை உருவாக்குகிறது. பெற்றோர் சிலர் பணம் பெற்றுக்கொண்டு அதற்கு இசைந்தவர்கள். பக்தர்களைக் கூட்டிக் கட்டணம் வாங்கி, மேடையில் வீரனை நிறுத்தி, விசுவாசத்தையும் விற்பனைச் சரக்காக்கும் காட்சி முதற் பருவத்தில் உண்டு. எச்சமயத்தைச் சார்ந்தவர் கண்டாலும் நெஞ்சு குறுகுறுக்கும் காட்சி அது.

கதை தொடங்கும்போதே ஹியூயி என்னும் எளிய இளைஞனின் காதலி, அவன் கைகளைப் பற்றி நின்றுகொண்டிருக்கும் நிலையில், மின்னல் வேகத்தில் ஓடிவந்த ஒரு வீரன் மோதிச் சிதறிப் போகிறாள். வாட் நிறுவனத்தார் வருகிறார்கள், அனுதாபம் கூறுகிறார்கள், 45,000 டாலர் தருகிறோம், வாய் திறவாதிருக்க ஒரு கையெழுத்து இடு என்கிறார்கள். எஞ்சிய கதை முழுவதற்கும் இந்த ஒரு கையெழுத்தே வித்து.

வீரர்களுக்கெல்லாம் தலைவன் ஹோம்லேண்டர். அமெரிக்கக் கொடியையே போர்வையாக அணிந்தவன். பொன்னிற முடியும் புன்முறுவலும் உடையவன். தாய் தந்தையரின்றி ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டவன். கடத்தப்பட்ட விமானம் ஒன்றை மீட்கச் சென்று, தன் கவனக்குறைவால் அதன் கருவிகளைத் தானே பொசுக்கிவிட்டு, உள்ளே கதறும் பயணிகள் அத்தனை பேரையும் சாகவிட்டுப் பறந்துவருகிறான். பின்னர் அவர்களின் பிணங்களுக்கருகே நின்று நாட்டுப்பற்று பேசுகிறான். ஐயத்திற்கு இடமின்றி அவன் கொலைகாரன். பார்வையாளர் கண்முன்னாலேயே நடக்கும் கொலைகள் இவை. ஊகித்து அறிய வேண்டியது எதுவுமில்லை.

இத்தகையவனைத்தான் பார்வையாளரில் ஒரு சாரார் தம் நாயகனாக ஏற்றுக்கொண்டார்கள்.

பார்வையாளர் கருத்து என்று வருவன எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2020இல் இரண்டாம் பருவம் வெளிவந்தபோது, அத்தியாயங்களை ஒருசேர வெளியிடாமல் முதலில் மூன்றும் பின்னர் வாரத்திற்கு ஒன்றுமாக வெளியிட்டார்கள் என்ற ஒரே சினத்தால் பலர் ஒற்றை நட்சத்திரமிட்டுத் தூற்றினார்கள். பந்தியில் இலை போட்டுப் பரிமாறக் காலம் தாழ்த்தியதற்குச் சமையலைப் பழித்த கதை அது, அதனை விட்டுவிடலாம். ஹோம்லேண்டராக நடிக்கும் ஆண்டனி ஸ்டார் என்னும் நியூசிலாந்து நடிகரின் திறனைப் போற்றுவோரும் உளர். அவர் முகத்தில் ஒரு தசை அசைவதற்குள் குழந்தையும் கொலைஞனும் மாறி மாறித் தோன்றுவதைக் காண்கையில் அப்புகழ்ச்சி தகும் என்றே தோன்றுகிறது. நடிப்பை ரசிப்பவன் நடத்தையை ஆதரிப்பவன் ஆகான்.

நம் கவலைக்குரியவர்கள் வேறு. 2022இல் மூன்றாம் பருவமும் 2024இல் நான்காம் பருவமும் வந்தபோது, 'எங்கள் வீரனை ஏன் இழிவுபடுத்துகிறீர்கள், தொடரில் அரசியலைப் புகுத்திக் கெடுத்துவிட்டீர்கள்' என்று வெகுண்டவர்கள் அவர்கள். நான்காம் பருவத்திற்கு விமர்சகர்கள் உயர்ந்த மதிப்பெண் வழங்கியிருக்க, பொதுமக்கள் பதிந்த மதிப்பெண்ணோ வெகுவாகத் தாழ்ந்து கிடந்தது. டொனால்ட் டிரம்பை மனத்தில் வைத்தே ஹோம்லேண்டரை உருவாக்கியதாகக் கிரிப்கி 2022இலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார். அவனை நாயகன் என்று எண்ணுகிறவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று 2024இல் கேட்கப்பட்டபோது, தம் தொடரில் பல இயல்புகள் உண்டு, பூடகம் மட்டும் அவற்றுள் ஒன்றன்று என்னும் பொருள்பட விடையிறுத்தார். பிடிக்காதவர்கள் வேறு எதையேனும் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். வெட்ட வெளிச்சமாகச் சொல்லியும் புரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும் என்பதே அதன் உட்பொருள்.

இங்கேதான் நம் வினா பிறக்கிறது. அவர்களுக்குப் புரியவில்லையா? அல்லது நன்கு புரிந்தே கைதட்டினார்களா?

எள்ளலைப் பற்றி நம் தமிழ் இலக்கணம் பண்டே சிந்தித்திருக்கிறது. அங்கதம் என்பதனைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியம் இரண்டாகப் பகுக்கும். முன்னது முகத்துக்கு நேரே இழித்துரைப்பது. பின்னது பழியை உள்ளே மறைத்து வைப்பது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, மாலை சூட்டி மின்னுவதைப் புகழ்ந்து, தம் மன்னனுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடியது புறநானூற்றில் உள்ளது. புகழ்ச்சி போல் தோன்றும் இகழ்ச்சி அது. தொண்டைமான் அதனை மெய்ப் புகழ்ச்சியாகவே கொண்டு பரிசில் வழங்கி அனுப்பியிருந்தால்? பாட்டின் பாதிப் பொருள் கேட்பவன் நெஞ்சில் கிடக்கிறது. அந்தப் பாதி அங்கே இல்லையென்றால் பாடியவர் என்ன செய்ய முடியும்? கரந்த பழிக்கு இப்படி ஓர் இடர் உண்டென்பது விளங்குகிறது. கிரிப்கியின் தொடரோ கரப்பு ஏதுமற்ற செம்பொருள். அதற்கும் அதே கதி நேர்ந்ததுதான் வியப்பு.

இந்த வியப்பும் அமெரிக்காவுக்குப் புதிதன்று. 1971இல் நார்மன் லியர் தயாரித்த 'ஆல் இன் தி ஃபாமிலி' என்னும் நகைச்சுவைத் தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. கறுப்பரையும் யூதரையும் பெண்களையும் ஓயாது ஏசிக்கொண்டு, தன் நாற்காலியை விட்டு அசையாத ஆர்ச்சி பங்கர் என்னும் தொழிலாளியே அதன் மையம். அவன் அறியாமையை நாடு சிரித்துச் சிரித்து உணரும் என்பது லியரின் எதிர்பார்ப்பு. அவ்வாண்டிலேயே லாரா ஹாப்சன் என்னும் நாவலாசிரியை, யூத வெறுப்பைப் பற்றி 1947இல் புகழ்பெற்ற நாவல் எழுதியவர், நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் கடும் மறுப்பு எழுதினார். வெறுப்பைப் பிழைக்கத் தெரியாத ஓர் அசட்டுக் கிழவனின் வாயில் வைத்து, மெய்யான வெறியர்கள் வழங்கும் கொடிய சொற்களை விலக்கிவிட்டு, அதனை அன்புக்குரியதாக்கிவிட்டீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வெறுப்பு கொண்டவர்கள் அரக்கர்களாக வருவதில்லை, நம் வீட்டாராகவே வருகிறார்கள் என்பதைப் போல லியர் விடை எழுதினார்.

வாதம் இப்படி நிற்க, 1974இல் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியலார் அமெரிக்க இளைஞர் சிலரையும் கனடிய நாட்டு வயது வந்தோர் சிலரையும் வினவி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறது என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். ஆனால் உள்ளத்தில் வெறுப்பு மிகுந்தவர்கள் ஆர்ச்சியையே மெச்சினார்கள். வாக்குவாதத்தில் வென்றவன் அவனே என்று கண்டார்கள். 'ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்குவோம்' என்னும் வாசகங்கள் 1972 தேர்தல் ஆண்டில் கார்களின் பின்னால் ஒட்டப்பட்டன. விளையாட்டாக ஒட்டியவர் எத்தனை பேர், மெய்யாக ஒட்டியவர் எத்தனை பேர் என்று யார் பிரித்தறிவது? பின்னாளில் ஸ்டீஃபன் கோல்பேர் என்னும் நகைச்சுவைக் கலைஞர் வலதுசாரி அறிவிப்பாளன் போல வேடமிட்டு ஆண்டுக்கணக்கில் நிகழ்ச்சி நடத்தினார். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பழைமைவாதிகளில் பலர் அவர் வேடிக்கை செய்வதுபோல் பாவனை செய்கிறார், உள்ளூர நம் பக்கம்தான் என்று கருதியதைக் காட்டிற்று. ஒரே கண்ணாடி, பார்ப்பவனுக்குத் தக்கபடி முகம் மாறுகிறது.

ஆயினும் ஆர்ச்சிக்கும் ஹோம்லேண்டருக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஆர்ச்சி அன்புக்குரியவனாக்கப்பட்டான் என்பது ஹாப்சனின் வழக்கு. ஹோம்லேண்டரை அப்படி ஆக்கவில்லை. அவன் கொல்கிறான், பொய்யுரைக்கிறான், கற்பழிக்கிறான், பெற்ற பிள்ளையையும் தன் பிம்பமாக்கப் பார்க்கிறான். அப்படியும் அவனை விரும்புகிறவர்கள் ஏமாந்து விரும்பினார்கள் என்று சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் சலுகை. அவர்கள் கண்டது நாம் கண்டதையே. நாம் அருவருத்த இடத்தில் அவர்களுக்கு ஓர் ஆறுதல் கிட்டியது.

என்ன ஆறுதல்? மூன்றாம் பருவத்தில் ஒரு நிகழ்ச்சி. தன் பிறந்தநாள் விழா நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கையில் ஹோம்லேண்டர் எழுதிக்கொடுத்ததை ஒதுக்கிவிட்டு மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுகிறான்: நான் உங்களைவிட வலியவன், அறிவுடையவன், மேலானவன், இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. தொலைந்தோம் என்று நிறுவனத்தார் நடுங்குகிறார்கள். அவன் செல்வாக்கோ உயர்கிறது! வெட்கத்தை விட்டொழித்த ஒருவனைக் காண்பதில், வெட்கத்தால் நாள்தோறும் கட்டுண்டு கிடப்பவனுக்கு ஒரு கள்ள மகிழ்ச்சி. மேலதிகாரியிடம் பணிந்து, கடன்காரனுக்கு ஒளிந்து, மனைவி மக்களிடம்கூட வாய் திறவாமல் வாழ்பவன், எவருக்கும் பதில் சொல்லத் தேவையற்ற ஒருவனைத் திரையில் கண்டால் அவன் தோள்மீது தன்னை ஏற்றி வைத்துப் பார்க்கிறான். நீதியின் மீதுள்ள வேட்கை அதில் அணுவளவும் இல்லை. பதில் சொல்லாதிருக்கும் உரிமையின் மீதுள்ள ஏக்கமே இருக்கிறது.

இந்த ஏக்கம் மாவீரர் கதைகளின் பிறப்பிலேயே கலந்திருப்பது. சூப்பர்மேனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்து ஏழை யூத வாலிபர் இருவர், ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும். 1938இல் அவன் உலகுக்கு அறிமுகமானான். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1933இல், சீகல் அதே பெயரில் ஒரு சிறுகதை எழுதி வெளியிட்டிருந்தார். அதில் வரும் சூப்பர்மேன் பிறர் மனத்தை ஆளும் வலிமை பெற்று உலகையே அடிமையாக்க முனையும் கொடியவன். முதற் படைப்பில் வலிமை கொடுமையாகவே கற்பனையில் உதித்தது. காப்பாளனாக அது திருத்தப்பட்டது பின்னர். சீகலின் தந்தை ஒரு துணிக்கடைக்காரர். 1932இல் அவர் கடையில் நடந்த திருட்டின்போது மாரடைத்து இறந்தார். காக்க ஒருவன் வானிலிருந்து வரமாட்டானா என்னும் மகனின் ஏக்கமே சூப்பர்மேன் என்று கருதுவோர் உண்டு. காக்கும் கரத்துக்கு ஏங்குவது இயற்கை. அக்கரம் யாருக்கும் கட்டுப்படாததாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படத் தொடங்குகையில் ஏக்கம் கெடுகிறது.

இதனால் குற்றம் முழுவதும் பார்வையாளர் தலையில்தான் என்று முடித்துவிடலாமா? அதற்கு நம் மனம் ஒப்பவில்லை. தொடரைப் படைத்தவர்க்கும் பங்குண்டு. தான் கண்டிக்கும் காட்சியின்மீதே அத்தொடருக்குத் தீராத காதல். தலை வெடிக்கும் விதத்தில், உடல் கிழியும் விதத்தில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதுமை தேடுகிறார்கள். கொல்பவன் முகத்தைக் கேமரா நெடுநேரம் நோக்குகிறது. கொல்லப்படுபவனுக்கு ஒரு விநாடி. அவன் யார், அவனுக்கு யார் இருக்கிறார்கள், மாலையில் அவனை எதிர்பார்த்து எந்த வாசல் திறந்திருக்கும் என்பவை சொல்லப்படுவதில்லை. பிறகு, 'எங்கள் கருத்தை உரக்கச் சொன்னோமே' என்றால் போதுமா? உரத்த குரல் வேறு, காணும் கண்ணை வேறிடத்தில் நிறுத்துவது வேறு.

போதாக்குறைக்கு வாணிபமும் சேர்ந்துகொண்டது. பெரு நிறுவனங்கள் வீரர்களைப் பொம்மையாக்கி விற்பதைக் கேலி செய்யும் தொடரை உலகின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களுள் ஒன்று விற்கிறது; அந்த வீரர்களின் பொம்மைகளும் சட்டைகளும் கடைக்கு வந்தன. 2023இல் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டிலும் 2024இல் ஒரு மற்போர் விளையாட்டிலும் ஹோம்லேண்டர் சேர்க்கப்பட்டான். பொத்தானை அழுத்தி, ஹோம்லேண்டராகவே மாறி, சிறுவன் ஒருவன் எதிராளியைக் கிழித்தெறியலாம். அப்போது எள்ளல் எங்கே இருக்கிறது என்று எவரேனும் காட்டினால் நன்று.

தொடருக்கும் இது தெரியாமல் இல்லை. 2022 ஜூலையில் வெளியான மூன்றாம் பருவத்து இறுதிக் காட்சியில், தன் மகன்மீது கூட்டத்திலிருந்து எதையோ எறிந்த ஒருவனை ஹோம்லேண்டர் பட்டப்பகலில், ஆதரவாளர் அனைவரும் காண, கண்ணொளியால் தலையைச் சிதறடித்துக் கொல்கிறான். கூட்டம் உறைந்துபோகிறது. இனியேனும் தெளிவார்கள் என்று நாம் எண்ணும் அந்த நொடியில் ஒருவன் ஆரவாரிக்கிறான். பின்னர் எல்லோரும் ஆரவாரிக்கிறார்கள். தந்தையின் கையைப் பற்றி நிற்கும் சிறுவன் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை அரும்புகிறது. அடுத்த பருவத்தில் வழக்கு மன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தும் விடுகிறது. தம் பார்வையாளருள் ஒரு சாராரை ஆசிரியர் கதைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திய காட்சி இது. திறமையான காட்சிதான். ஆனால் அங்கும் இறந்தவன் பெயர் என்ன? நமக்குத் தெரியாது. அவன் தலை சிதறுவதைத் துண்டுக் காட்சியாக வெட்டி எடுத்துச் சிரித்தவர்களுக்கும் தெரியாது.

இத்தொடரிலேயே ஆசிரியர் வேறு வழி பிடித்த ஓர் இடம் உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அதற்கு முன்கதை ஒன்று வேண்டும். முதற் பருவத்தில் முஸ்லிம் பெயருடைய ஒரு பயங்கரவாதி, மாவீரர்க்குரிய ஆற்றலோடு தோன்றுகிறான். நாடு அஞ்சுகிறது, வீரர்களை இராணுவத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்னும் குரல் வலுக்கிறது. அந்த ஆற்றலைத் தரும் மருந்தை இரகசியமாக அனுப்பி அத்தகைய எதிரிகளை உண்டாக்கியவன் ஹோம்லேண்டரே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. எதிரி இல்லாவிட்டால் காவலனுக்குக் கூலி ஏது? திரையில் நம் பெயர்கள் எந்த வேடத்துக்கு வழங்கப்படுகின்றன என்பதைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் நமக்கு, அவ்வேடத்தைத் தைத்தவன் யார் என்று ஒரு தொடர் திருப்பிக் காட்டியது சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

இரண்டாம் பருவத்தில் ஹோம்லேண்டரோடு ஸ்டார்ம்பிரன்ட் என்னும் பெண் சேர்கிறாள். ஹிட்லர் காலத்து நாஜிக் கொள்கையை இக்காலச் சிரிப்பிலும் கேலிப் படங்களிலும் பொதிந்து வழங்குபவள் அவள். அன்பு செலுத்தும் கோடிப் பேரைவிடச் சினங்கொண்ட சில இலட்சம் பேர் பயன்படுவார்கள் என்று அவனுக்குப் பாடம் சொல்கிறாள். எல்லைக்கு வெளியிலிருந்து பகைவர்கள் ஊடுருவிவிட்டார்கள், உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம் என்று இருவரும் நாள்தோறும் திரையில் முழங்குகிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஓர் இளைஞன் வருகிறான். கதையில் அவனுக்கு முன்னும் வேலையில்லை, பின்னும் வேலையில்லை. காலையில் எழுகிறான், அவர்கள் பேச்சைக் கேட்கிறான், அருகிலுள்ள கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறான், வீடு திரும்பி மீண்டும் அவர்கள் பேச்சையே கேட்கிறான். கடைக்காரர் பழுப்பு நிறத்தவர். எதிரே இருப்பவனை அடையாளம் கண்டுகொள்ளும் சாதாரணக் கடைக்காரர். மறுநாளும் அதே காலை, அதே முழக்கம், அதே கடை. நாட்கள் புரளப் புரள இளைஞனின் பார்வை மாறிக்கொண்டே வருகிறது, கடைக்காரரிடம் மாற்றமில்லை. முடிவில் ஒருநாள் அவர் முகத்தில் பட்ட வெளிச்சத்தில் பகைவனின் கண்ணொளியைக் கண்டுவிட்டதாக நினைத்து, துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறான். திரையில் உடனே ஹோம்லேண்டரும் ஸ்டார்ம்பிரன்ட்டும் தோன்றி அச்சாவுக்கு இரங்கல் தெரிவித்துவிட்டு முழக்கத்தைத் தொடர்கிறார்கள்.

கற்பனைதானே என்று கடந்துவிட முடியாதபடி, 2001 செப்டம்பர் 15ஆம் நாள் அரிசோனா மாநிலத்து மேசா நகரில், தம் பெட்ரோல் நிலையத்தின் முன்னே நின்றிருந்த பல்பீர் சிங் சோதி என்னும் சீக்கியர், தலைப்பாகையும் தாடியும் கண்டு முஸ்லிம் என்று எண்ணிய ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன.

கடைக்காரர் காட்சியில் பறப்பவர் எவருமில்லை. வெடிக்கும் தலையில்லை. ஒரு மனிதர் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார். நாளைக்கும் நிற்பார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சில நிமிடங்களில் அவரை நமக்குப் பழக்கப்படுத்திவிட்டே ஆசிரியர் அவரைக் கொல்கிறார். கைதட்டுவதற்கு ஓர் இடைவெளியை அங்கே அவர் விட்டுவைக்கவில்லை.